சாரின் வயலில் எடுத்த கல்

அதிராம்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் ஹம்தானுக்கு உம்மா ஆசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாய் வெயிலில் உன் உடம்பும் மனதும் வாடாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்றால், எனக்கு முட்டி வலிக்கிறது, உன் வாப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, கரண்ட் தன் இஷ்டத்துக்குப் போய் வருகிறது, ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள், நம் கடைமடை வாய்க்கால் பேப்பர் படிப்பதில்லை போலிருக்கிறது. மற்றபடி சுகம்.

போனில் ஓயாமல் பேசுகிற உம்மா எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும். இது உன் வாப்பா காதில் விழக் கூடாத விஷயம். லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறும் அப்துல் வஹாப் உன் பக்கத்து ரூம்தானே, அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை எல்லோருக்கும் கொடு. கடிதத்தை நீ மட்டும் படி.

விஷயம் உன் வைர மோதிரம். நிக்காஹ் அன்று இர்ஃபானாவின் விரலில் வைரம் போடப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நம் வீடே ஜொலிக்கிறது போ. தினம் ஏழெட்டு போட்டோ, வட்டமாக ஒன்று, சதுரமாக ஒன்று, கண்ணீர்த்துளி மாதிரி ஒன்று. எனக்கு எல்லாம் ஒரே கல்லாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் மாஷா அல்லாஹ் என்று பதில் போட்டேன், பெற்ற கடமை. போட்டோவில் சரியாகத் தெரியாது, நான் பார்த்த கடையின் கிளை தஞ்சாவூரிலேயே இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து உன் வாப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். நானும் கொடுவா மீன் குழம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பட்டுக்கோட்டையில் பஸ் மாறித் தஞ்சாவூர் போனோம். கடையா அது, ஐஸ் பெட்டி. நான் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். எங்களைக் கவனித்தவர் பெயர் சதீஷ் என்று சட்டையில் குத்தியிருந்தது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை, மூச்சுக்கு மூன்று சார். "வாங்க சார், உக்காருங்க சார், ஜூஸ் சாப்பிடுறீங்களா சார்" என்று கேட்டுக்கொண்டே கறுப்பு வெல்வெட்டில் கல்லை எடுத்து வைத்தார். உன் வாப்பா கல்லைப் பார்க்கவில்லை, சதீஷின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, இதை யாரு தோண்டுனது?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வி அந்தக் கடை தொடங்கியதிலிருந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "இது பெல்ஜியத்துலேர்ந்து வருது சார்" என்றார் அவர். பெல்ஜியத்தில் வைரம் காய்த்துத் தொங்குகிறது என்று நானும் தெரிந்துகொண்டேன். இவர் விடவில்லை, "அங்க எங்கேருந்து வந்துச்சு?" என்றார். "அதெல்லாம் பயப்படாதீங்க சார், சண்டை நடக்கிற ஊர்க் கல்லு நாங்க வாங்குறதே இல்ல, இது சுத்தமான கல்லு, சர்டிபிகேட் இருக்கு சார்" என்று சதீஷ் ஒரு அட்டையை நீட்டினார். உன் வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். எடை இருந்தது, நிறம் இருந்தது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத புள்ளி எத்தனை என்பது வரை இருந்தது. மண்ணுக்குள் இறங்கியவனின் பெயருக்குத்தான் இடம் போதவில்லை. "என்ன சார், எடுத்துரலாமா சார்" என்று அவர் கேட்டதும் உன் வாப்பா எழுந்தார், கதவைத் தள்ளினார், வெளியே வெயிலில் போய் நின்றுவிட்டார். பாதி குடித்த ஜூஸோடு நான் அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

பஸ்ஸில் ஒரத்தநாடு வரும் வரை ஏசினேன். என் வாய் உனக்குத் தெரியும். "வைர ஊருக்குப் போயி வெறுங்கையோட திரும்புனவருக்கு வைரத்தைக் கண்டா எப்படிப் பிடிக்கும்" என்றும் சொன்னேன். சுனாமிக்கு முந்தின வருஷம், நீ ஒன்றாம் வகுப்பு, காவிரி வறண்டு கிடந்தது, இறைக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பம்ப் மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று ஒரு ஏஜெண்ட் மூலமாக உன் வாப்பா ஆப்பிரிக்காவில் சியரா லியோன் போனது உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். பதினோராவது மாதமே திரும்பி வந்தார். அங்கே வைரக் குழிகளில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்ப்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்பதோடு அவர் சொன்ன கதை முடிந்தது. நான் ஏசி முடித்ததும் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அங்க எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாரு ஆசியா, அவரு பேரு சார்" என்றார். நான் முதலில் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். அந்தப் பக்கத்தில் வீட்டின் மூத்த ஆண்பிள்ளைக்கு அதுதான் பெயராம், சாஹ்ர் என்று எழுதுவார்களாம், நம் காதுக்குச் சார். ஆகவே அந்தக் குழி முழுக்கச் சார்கள். உலகத்தில் இத்தனை சார்கள் சேர்ந்து இடுப்பளவு சேற்றில் மண்வெட்டியோடு நின்ற ஆபீஸ் வேறெங்கும் இருக்காது.

இந்தச் சாருக்கு உன் வாப்பா வயதுதான். மற்ற மெக்கானிக்குகள் குழி ஆட்களோடு ஒட்ட மாட்டார்களாம், இவர்கள் இருவரும் மட்டும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒட்ட வைத்தது எது தெரியுமா, நெல். அந்தக் குழி இருந்த பள்ளம் சாரின் குடும்பம் தலைமுறையாக நெல் போட்ட வயல். கல் இருக்கிறது என்று கம்பெனி வந்தது, வயலைத் தோண்டியது, தோண்டுவதற்கு வயல்காரனையே கூலிக்கு வைத்துக்கொண்டது. எத்தனை பெரிய மனது பார். சார் குழியின் ஓரத்தில் நின்று, இங்கேதான் நாற்றங்கால், இங்கேதான் மடை என்று காற்றில் கை காட்டுவாராம். உன் வாப்பாவுக்கு அவர் பாஷை பாதிதான் புரியும், ஆனால் அந்தக் கை காட்டியது முழுக்கப் புரிந்தது என்றார்.

ஒரு தடவை இரண்டு நாள் அடைமழை. குழி நிரம்பிவிட்டது. மத்தியானத்துக்குள் காய வேண்டும், ஆள் இறங்க வேண்டும் என்றார் சூப்பர்வைசர். நம் ஊரில் குளம் இறைத்த யாருக்கும் தெரியும், ஊறின கரையை வைத்துக்கொண்டு தண்ணீரை அவசரமாக இழுத்தால் கரை உட்கார்ந்துவிடும். உன் வாப்பா அதைச் சொல்லியிருக்கிறார். "மெதுவா இறைக்கணும் சார், நாளைக்கு ஆளை இறக்குவோம்" என்று நிஜமான சாரான அந்தச் சூப்பர்வைசரிடம் கெஞ்சியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, உனக்குப் பதில் பத்து மெக்கானிக் வாசலில் நிற்கிறான் என்றாராம். இவர் இரண்டு பம்ப்பையும் முழு வேகத்தில் ஓட விட்டார். தண்ணீர் வடிந்தது. ஆட்கள் இறங்கும்போது சார் இவர் பக்கம் திரும்பி, கட்டை விரலைத் தூக்கி, "ஓகே?" என்று கேட்டிருக்கிறார். இவரும் "ஓகே" என்றிருக்கிறார். அரை மணி நேரத்தில் கரை மொத்தமாக வந்து உட்கார்ந்தது. மூன்று பேர் உள்ளே. அதில் சார் ஒருவர்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது உன் வாப்பா குரல் பஸ் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை, நான் காதை வாயருகே கொண்டுபோனேன். மண்ணை அள்ளி ஆட்களைத் தேடினார்கள், ஆனால் அள்ளின மண்ணை எங்கேயும் வீசக் கூடாது, தனியாகக் குவிக்க வேண்டும் என்று உத்தரவு. அது கல் இருக்கிற மண்ணாயிற்றே. அதனால் நிதானமாகத்தான் தேடினார்கள். சாயங்காலம் அஸர் நேரத்துக்குத்தான் மூவரும் கிடைத்தார்கள். மறுநாள் அந்தக் குவியலைக் கழுவிச் சலித்ததில் மிளகு அளவு ஒரு கல் கிடைத்தது. கம்பெனிக்குச் சந்தோஷம், எல்லோருக்கும் கோழியும் சோறும். "நானும் தின்னேன் ஆசியா" என்றார். பட்டுக்கோட்டை ஸ்டாண்டில் இறங்கி எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமல் நின்றார்.

இப்போது உன் சர்டிபிகேட்டுக்கு வருகிறேன். அந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகுதான் உன் வாப்பா போனார். சண்டை முடிந்த பிறகு செத்ததால் சார் சண்டையில் சாகவில்லை. துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது, வெறும் மண். ஆகவே அந்த மிளகுக் கல் சுத்தமான கல், அட்டையில் தாராளமாக அப்படிப் போடலாம். எங்கோ யாரோ ஒரு பெண்ணின் விரலில் அது இன்றைக்கும் சுத்தமாக மின்னிக்கொண்டிருக்கும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் குறை சொல்லவும் மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது என்னை. இவர் ஊர் திரும்பிய அன்று இவருடைய அக்கா, உன் மெஹராஜ் மாமி, தம்பி மேல் உள்ள பாசத்தில், பெட்டியின் உள்துணியைப் பிளேடால் கிழித்துப் பார்த்தார், கல் ஏதாவது தைத்துக் கொண்டுவந்திருப்பாரோ என்று. மாமியை எல்லோரும் சொல்வார்கள். நானும் யாருக்கும் தெரியாமல் ஷேவிங் செட்டையும் பல்பொடி டப்பாவையும் குடைந்து பார்த்தேன், அதை இன்றைக்கு உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம், மிக்ஸி ரிப்பேர் என்றால், பெருநாளைக்குப் புதுச் சேலை இல்லை என்றால், வைர வியாபாரி வீட்டில் இதுகூடக் கிடையாதா என்று கேட்டு வந்திருக்கிறேன். ஊரே சிரிக்கும், இவரும் சிரிப்பார். பம்ப்பைப் பிரித்து மாட்டிக் கொடுப்பார், ஆனால் யாராவது குளம் இறைக்க வந்து நில்லுங்கள் என்றால் மட்டும் போக மாட்டார். சோம்பேறி என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன். என் பேச்சுத் திறமைக்கு ஊரில் எத்தனை பாராட்டு தெரியுமா உனக்கு.

நேற்று நீ போனில், நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான், கல்லை ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது, வாங்குவதை நிறுத்தினால் அந்த ஜனங்களுக்கு வேலையும் போய்விடும் என்றாய். நான் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொன்னதால் உனக்குக் கோபம், நியாயம்தான். துபாய் போய் நீ அந்த ஜனங்களுக்காக இவ்வளவு கவலைப்படுவது பெருமையாக இருக்கிறது. ஆனால் வேலை விஷயம் நீ சொல்வது பொய் இல்லை. உன் வாப்பாவிடம் அதையே கேட்டேன். "குழி மூடுனா அவங்க வீட்டுல அடுப்பு எரியாது, அதுவும் நெசந்தான். எனக்கு நியாயம் சொல்லத் தெரியல ஆசியா. நம்ம மருமக சோறு போடும்போது அந்தக் கையைப் பாத்துட்டு என்னால சாப்பிட முடியாது, அவ்வளவுதான்" என்றார். என் கழுத்துச் சங்கிலி மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது என்றும் நீ கேட்கலாம். கேள். ராத்திரி கழற்றி வைக்கும்போது நானும் இப்போது அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இர்ஃபானா வீட்டுக்குப் போய் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது, மறைக்க மாட்டேன். கூடப் படித்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாளாம். ஒரு நாள் யோசித்துக்கொள்கிறேன் மாமி என்றாள். நேற்று அஸருக்குப் பிறகு அவளே வந்தாள். "எனக்கு வேணாம் மாமி. ஆனா அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் வேணாம்னு சொன்னா தியாகம் பண்றேன்னு நெனச்சு ரெண்டா வாங்கிருவாங்க" என்றாள். உன்னை இந்த அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிற பெண் கிடைத்திருப்பது அல்லாஹ் உனக்குச் செய்த உபகாரம், உனக்குப் பொருத்தம் பார்த்த எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து வாப்பாவுக்குச் சலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் உத்தரவு போடவில்லை, சம்பாதிப்பவன் நீ, விரல் அவளுடையது. தெரிந்துகொண்டு முடிவு செய் என்றுதான் எழுதினேன். வேளைக்குச் சாப்பிடு, ஏசியை இருபத்துநாலுக்குக் கீழே வைக்காதே, சளி பிடித்தால் எனக்குச் சொல்லாமல் மறைக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் யாருடைய கண்ணீரும் ஒட்டாத பரக்கத்தையும் தருவானாக.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ கூப்பிடும்போது போனை உன் வாப்பாவிடம் கொடுப்பேன். கல்லைப் பற்றிப் பேசாதே. உங்க கூட்டாளி சார் எப்படிப்பட்ட ஆளு வாப்பா என்று கேள். அவர் உடனே பேச மாட்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் உம்மா,
ஆசியா ஜெகபர் அலி