மொச்சைக்குக் கட்டில் ஏறக் கற்றுக்கொடுத்தேன்

நீ இருந்தவரை நான் ஒருநாளும் இப்படிக் கூப்பிடாத என் செல்ல அக்காவுக்கு,

எனக்குக் கடிதம் எழுத வராது. நீ வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதினால் 'ம்' என்று பதில் போடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். உன் நாய் விஷயத்தில்.

மொச்சை நன்றாக இருக்கிறது, பயப்படாதே. சாப்பிடுகிறது, ரோட்டில் போகிற தக்காளி வண்டியைப் பார்த்துக் குரைக்கிறது. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு வரை அதன் ஒரு பழக்கம் மாறவில்லை. உன் கட்டில் விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு முனகும். யாராவது தூக்கி மேலே விடவேண்டும்.

தருமபுரிக்குப் போய் டயாலிசிஸ் முடித்து வந்து நீ அப்படியே கட்டிலில் சாய்ந்துவிடுவாய். ஊசி போடுகிற கையால் எடை தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மொச்சை முனகும்போதெல்லாம் அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து, அதைத் தூக்கி உன்னிடம் கொடுப்பாள். மூன்று வருஷம் இதே கதை. நாய் என்றால் குதிக்கும் என்பதே அதற்குத் தெரியாமல் போய்விட்டது.

நான் அப்போதே கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? குதிக்கப் பழக்கினால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை, இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சோம்பேறி ஆக்குகிறீர்கள் என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "இருக்கட்டும் உடுடா. அம்மா தூக்கிக் குடுப்பாங்க."

ஏன் அப்படிச் சொன்னாய்? உனக்கு அப்போதே ஏதாவது தெரியுமா?

நீ போன பிறகு அம்மாவுக்கு முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. குனிந்து எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, இடுப்புக்கு பெல்ட்டும் கொடுத்தார். அம்மா பெல்ட்டைப் போட்டுக்கொண்டே மொச்சையைத் தூக்கினாள். ஓசூரிலிருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து எண்ணினேன். சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை. அதன் எடை ஏழு கிலோ. ஒவ்வொரு தடவையும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். யாரும் இல்லாத கட்டிலில் நாயை விட்டுவிட்டு, போர்வையை வேறு சரி செய்துவிட்டுப் போனாள்.

எங்கள் கம்பெனியில் ஏதாவது ஒரு வேலை, அதைச் செய்கிற ஆளின் உடம்பைக் கெடுத்தால், முதலில் கேட்கிற கேள்வி, இந்த வேலை தேவையா என்பதுதான். தேவையில்லை என்றால் எடுத்துவிடுவோம். நானும் எடுத்துவிட்டேன்.

நான்கு நாள் லீவு போட்டேன். முதல் நாள் ஒரு செங்கல் உயரத்தில் பலகை. மறுநாள் இரண்டு செங்கல். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது ஏறிக்கிட்டா, அப்புறம்?" என்று கேட்டாள்.

"அப்புறம் என்ன, நீ நிம்மதியா உக்காரு" என்றேன். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அதையும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மொச்சை ஒரே தாவலில் கட்டில் ஏறியது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். அரூரிலிருந்து சித்தி போன் செய்து, நாய்க்கு வாத்தியார் ஆயிட்டியா என்று கிண்டல் செய்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது அம்மா உன் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தாள். மொச்சை மேலே தூங்கிக்கொண்டிருந்தது. முதுகு வலி எப்படி என்று கேட்டேன். வலி இல்லை என்றாள். பிறகு, "இப்பல்லாம் யாரும் என்னக் கூப்புடறதில்லடா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நாய் முனகினால் அக்கா கூப்பிடுகிற மாதிரியே இருக்கும், எங்கே இருந்தாலும் ஓடிவருவேன், தூக்கி அவளிடம் கொடுப்பேன் என்றாள். நான் உடனே, "அவதான் இல்லையே" என்றேன். என் வாய் உனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாதா சாமி" என்றாள் அம்மா.



இன்னும் கேள். அதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை மொச்சைக்கு ஊசி போடக் கூட்டிப்போனேன். கால்நடை டாக்டர் அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே இருந்து குதிக்க விடுகிறீர்களா என்று கேட்டார். குட்டைக் கால், நீள முதுகு. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, தினமும் குதித்தால் தட்டு விலகிவிடும் என்றார். யார் பழக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அம்மாவின் வியாதியை எடுத்து நாய்க்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். அம்மாவின் சேருக்கு ஒரு பக்கம் கட்டில். இன்னொரு பக்கம் மடி உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, அதில் ஏறச் சரிவாக ஒரு பலகை, வழுக்காமல் இருக்கக் கோணிச்சாக்கு ஒட்டியது. மொச்சை பெட்டியில் ஏறி நின்று முனகவேண்டும். அம்மா வந்து உட்கார்ந்து, அதை மடிக்கு இழுத்து, மடியிலிருந்து கட்டிலுக்கு நகர்த்தவேண்டும். குனியவே வேண்டாம். இறங்கும்போதும் அதே வழி.

வரைந்தபோது சுலபமாக இருந்தது. குதிக்கக் கற்றுக்கொடுக்க நான்கு நாள். அதை மறக்கடிக்க இரண்டு மாதமாகப் போராடுகிறேன். பாதி நாள் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகத் தாவுகிறது. பெட்டியில் ஏறினால் மட்டும் ஈரல் கொடு என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினால், அது நிமிர்ந்து பார்த்தாலே அம்மா கொடுத்துவிடுகிறாள். கட்டிலைச் சுற்றி ரப்பர் பாய் போட்டிருக்கிறேன். வேறு என்ன செய்ய?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை எல்லாம் சரியாக நடந்தது. மொச்சை பெட்டியில் ஏறி முனகியது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். மடியில் வாங்கி, கட்டில் பக்கம் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகுதான் மெத்தையில் விட்டாள்.

நான் எல்லா உயரத்தையும் அளந்தேன் அக்கா. அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை அளக்கவில்லை.

கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சித்தப்பா சொன்னபோது நானும் தலையாட்டினேன். நீ போனதிலிருந்து நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. ஏன் என்று கேட்காதே.

வருகிற சனிக்கிழமை உட்காருவேன். நீ சாய்கிற சுவர்ப் பக்கம், போனை வெளியே வைத்துவிட்டு. அம்மா நீட்டும்போது இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். முகத்தை நக்கும், எனக்குப் பிடிக்காது, பரவாயில்லை. வந்திருக்கிற நாளெல்லாம், அம்மா எத்தனை தடவை கொடுத்தாலும் வாங்குவேன். எண்ண மாட்டேன்.

இது சத்தியம்.

உன் இடத்தில் அல்ல, உன் கட்டிலில் மட்டும் உட்காரப்போகும்
உன் தம்பி