நிலாவில் இருந்த நீலம்

ஏப்ரல் 6, திங்கள்

டாக்டர் போன வாரம் திருப்பி அனுப்பிய முன்பல்லை இன்று மறுபடி செய்து கொடுத்தேன். பக்கத்துப் பல்லைவிட ஒரு பொட்டு மஞ்சள் கூடுதலாம். ஜன்னல் வெளிச்சத்தில் மாதிரிப் பற்களோடு வைத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். செயற்கைப் பல் செய்கிறவளுக்கு வெறும் வெள்ளை என்று ஒன்று கிடையாது. பால் மாதிரி, சுண்ணாம்பு மாதிரி, பழைய காகிதம் மாதிரி என்றுதான் உண்டு. இத்தனை வருடமாக இந்தக் கண்ணை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன்.

அந்தக் கண்ணைத்தான் வானியல் மன்றத்தில் இன்று கிண்டலடித்துவிட்டார்கள். நிலாவின் மண்ணில் நிறம் இருக்கிறது, நமக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக. கணினியில் கூட்டினால் தெரியும். முழுநிலாவன்று எடுத்த படத்தை அப்படிக் கூட்டி, மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். செயலாளர் உடனே எழுதினார்: "மேடம், நிலாவைச் சொட்டு நீலத்துல முக்கி எடுத்தீங்களா?" அதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பு.

நூலக வாசல் சுவரில் ஒரு வருடம் தொங்கப்போகிற ஒரே ஒரு பெரிய படத்தை இந்த மாதம் மன்றத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர் வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன் – வேண்டும்.

ஏப்ரல் 7

எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். சொட்டு நீலம்.

ஏப்ரல் 9, வியாழன்

முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். என் கணினித் திரையில் அழகாக, மென்மையாக இருக்கிறது. அதே படத்தைத் தங்கைக்கு அனுப்பினால், "என்னக்கா, நிலாவுக்கு மூச்சு முட்டுதா? இப்படி நீலம் பாரிச்சுக் கிடக்கு?" என்கிறாள். என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்றார். இவர் பார்த்தது என் திரையில்.

அப்படியென்றால் கோளாறு எங்கே? என் கண்ணிலா? ஐயோ, கண்ணில் என்றால் பிழைப்பே போச்சே.

ஏப்ரல் 11, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

பல் நிறம் பார்க்கும்போது நாலைந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்கக் கூடாது, கண் ஏமாந்துவிடும். அதற்காகப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்திருப்போம், அதைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ள. படத்துக்கும் உதவட்டுமே என்று அட்டையை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். திரையிலும் வெறும் சாம்பல் நிறத்தை விரித்தேன். பார்த்தால், அட்டை சாம்பல். திரை பால் விட்ட டீ.

"ஏங்க!"

நான் போட்ட சத்தத்தில் இவர் துண்டோடு ஓடி வந்தார்.

"கண்ணு எரியுதுன்னு திரைல மஞ்சள் வெளிச்சம் வெச்சேன். அது... ரெண்டு மாசம் இருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீ எங்க திரையை விட்டு நிமிர்ந்த, சொல்றதுக்கு?"

ரெண்டு மாசமா! திரை மஞ்சளா இருக்க, அதைச் சரிக்கட்ட நான் நீலத்தைக் கொட்டு கொட்டுன்னு கொட்டியிருக்கேன். திட்டித் தீர்த்தேன். பாதித் திட்டில் சிரிப்பு வந்துவிட்டது. தண்டனையாக இரவுச் சமையலும் பாத்திரமும் அவர் தலையில். ஆனால் கண்ணில் கோளாறு இல்லை. என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை!

ஏப்ரல் 12, ஞாயிறு

மஞ்சளை அணைத்துவிட்டு, காலையிலேயே உட்கார்ந்தேன். முதலில் படம் முழுவதையும் நடுநிலைச் சாம்பலுக்குக் கொண்டுவந்தேன். பிறகு நிறத்தைத் துளி கூட்டினேன். கூடவே எழும்பும் புள்ளிகளைத் துடைத்தேன். அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றினேன். மறுபடி ஒரு துளி. ஒரேயடியாக ஏற்றினால் படம் கந்தலாகிவிடும். ஒரு இடத்துக்கு மட்டும் நிறம் பூசுகிற கணினித் தூரிகையைத் தொடவே இல்லை. எது செய்தாலும் முழு நிலாவுக்கும் ஒன்றுபோலத்தான்.

மதியத்துக்குள் வந்துவிட்டது. அமைதிக் கடல் என்கிற அந்தக் கரும் சமவெளியில் எஃகு நீலம். அதை ஒட்டிய இன்னொரு சமவெளியில் துரு நிறம். இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை. நான் வைத்த எல்லை இல்லை! கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன.

ஏப்ரல் 13

போட்டிக்கு அனுப்பினேன். செயலாளரின் பதில்: "ஓவியம் பிரமாதம். ஆனால் இது புகைப்படத் தேர்வு."

ஓவியமா? வரட்டும் ஞாயித்துக்கிழமை மன்றக் கூட்டம். வெச்சுக்கறேன்.

ஏப்ரல் 17

இவர் சொல்கிறார், "விட்டுத்தள்ளு, அவங்களோட எதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு." விடுகிறதாக இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

செருப்பைக் கழற்றிய கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மன்றக் கூட்டம். கூடத்துச் சுவரில் என் படத்தைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார்கள். செயலாளர் எழுந்தார். கட்டட இன்ஜினியர், மன்றத்திலேயே பெரிய தொலைநோக்கி அவருடையது. "நாங்களும் வருஷக்கணக்கா நிலா எடுக்கறோம். ஒருத்தர் படத்துலயும் இந்த நீலம் வந்ததில்லையே" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு என்ன செய்வது என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. வாய் தானாகச் சொன்னது:

"உங்க நிலாவைக் குடுங்க சார்."

"எது?"

"நீங்க எடுத்த படம். கலர் கேமரால எடுத்தது, கை வைக்காதது."

அவருக்குப் பெருமை, உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். மன்றத்துக் கணினியில் ஏற்றினேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அவர் படத்தில் ஒன்றும் வராவிட்டால், நான் இத்தனை நாளும் கண்டது கனவு, நூலகச் சுவரும் போயிற்று. மன்றத் தலைவர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதல் துளி, ஒன்றுமில்லை. இரண்டாவது துளி, ஒன்றுமில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான்காவதில் தலைவர் அம்மா, "அதோ!" என்றார்.

அதே இடம், அதே நீலம். பக்கத்தில் அதே துரு, நடுவில் அதே எல்லை.

செயலாளர் சுவர்வரை நடந்துபோய்த் தொட்டுப் பார்த்தார். "என் படத்துலயா?" என்றார், மெதுவாக. பிறகு சின்னப் பையன் மாதிரி, "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க மேடம், இன்னும் கொஞ்சம்..."

"போதும் சார். இதுக்கு மேல போனா பொய்யாயிடும்."

கை தட்டினார்கள். எல்லோரும்!

ஏப்ரல் 20

சுவர் எனக்கு!!

இவர் தெரு முனைவரை எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மஞ்சள் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

மே 10, ஞாயிறு

நூலகத்துக்குப் போனோம். என் நிலா ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதன் முன்னால் ஒரு கும்பல், நடுவில் நம் செயலாளர், கையில் ஒரு குச்சியோடு. "பெயிண்ட்டான்னு கேக்காதீங்க. அத்தனையும் அங்க இருக்கற மண்ணு. இந்த நீலம் இருக்கே, இது இரும்பு. அந்தத் துரு நிறம் டைட்டானியம்" என்று விளாசிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பொறுக்க முடியவில்லை.

"சார், மாத்திச் சொல்றீங்க. நீலம்தான் டைட்டானியம்."

குச்சி அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தார், சிரித்தார். "இவங்க சொல்றதுதான் சரி. படம் எடுத்ததே இவங்கதான்" என்று குச்சியை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.