இளகாத ரபான்

என் உயிரான மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதையெல்லாம் மையவாடியில், நீ அடங்கிய மண்ணின் தலைமாட்டில் நின்று சொல்லத்தான் போன வெள்ளிக்கிழமை வந்தேன். பக்கத்துக் கபுறுக்கு யாரோ வந்து நின்றார்கள். ஸலாம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். உன் மகன் பேரில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "வந்திட்டான்டா சந்தேகப் பிராணி" என்று நீ சிரிப்பது கேட்கிறது. முழுதும் கேட்டுவிட்டுச் சிரி.

கற்பிட்டியில் நான் ஸ்பீக்கர் பெட்டி அடிக்கத் தொடங்கிய நாள் முதல் நமக்குள் ஒரே சண்டைதானே. பலகை மாற்றி, வயர் மாற்றி, கதிரையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து, "இப்ப கேளு மச்சான், ஆள் முன்னுக்கு நிக்கிற மாதிரி இல்லையா?" என்பேன். நீ ரபான்காரன், தோல்பறை தட்டிப் பைத்துப் பாட்டுப் படிக்கிறவன். உன் வீட்டில் இருந்ததோ வாய் பிளந்த ஒரு ரேடியோ. "தாளம் விளங்குது, அது போதும்" என்பாய். நான் சத்தத்தைக் கேட்டேன், நீ அடிக்கிறவனின் கையைக் கேட்டாய்.

என் பெட்டி ஒன்றையாவது முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயா? எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாய். "முன்னுக்கு இருந்தா கண்ணும் சேர்ந்து ஏமாத்தும். அடுத்த அறையில இருந்து கேக்கணும். உள்ளுக்கு ஆள் இரிக்கான் எண்டு தோணினா மெய். இல்லாட்டி அது பெட்டி." எத்தனை செய்து காட்டியும் "பெட்டி" என்றே தீர்ப்புச் சொன்னாய். பாவி, ஒரு தரமாவது பொய்க்குப் புகழ்ந்திருக்கலாம்.

நீ போய் ஒரு வருஷம் நிறைந்ததற்குக் கத்தம் ஓதிச் சாப்பாடும் முடிந்த பிறகு மகன் என்னைக் கூப்பிட்டான். "மாமா, ஒரு சாமான் கேளுங்க." ஹோலில் ஆளுயரத்துக்கு இரண்டு புது ஸ்பீக்கர். அதே ஹோலில் நீ பைத் படிக்க நான் பதிந்த கசட்டை அவன் என்னிடம் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தந்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. கொழும்பில் யாரிடமோ கொடுத்துச் சத்தத்தைத் துப்புரவாக்கியிருக்கிறான்.

மச்சான், குரல் எழும்பியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் பெட்டிப் பைத்தியக் கூட்டாளிகள் கண்ணை மூடிக்கொண்டு, "நடுவில குரல், இடப்பக்கம் ரபான், மாஷா அல்லாஹ், என்ன சுத்தம்!" என்றார்கள். உன்னோடு பைத் படித்தவர்கள் தாளம் பிசகவில்லை என்று தலையாட்டினார்கள். குசினியில் நின்ற என் தங்கச்சியிடம், "எப்படி உம்மா?" என்று மகன் கேட்டான். "நல்லாத்தான் இரிக்கி மகன்" என்றாள், அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. கடைசிப் பைத்திலும் ரபான் கணீரென்று நின்றது. களப்புத் தண்ணீரின் ஈரக் காற்று அடிக்கும் அந்த ஹோலில் உன் ரபான் எந்தக் காலத்தில் கடைசி வரை கணீரென்று நின்றது? பாதியிலேயே தோல் ஈரம் குடித்து, தொப்புத் தொப்பென்று இளகிவிடும். என் தங்கச்சி சிரட்டைத் தணல் கொண்டு வருவாள், நீ தோலைச் சூடு காட்டி இறுக்குவாய். நான் பதிந்த அன்று நடுவில் நிறுத்த மனமில்லாமல், காய்ச்சாமலே படித்து முடித்தாய். அந்த இளகல் எங்கே போனது?

மகனைத் தனியே பிடித்தேன். "உண்மையச் சொல்லு. ரபான் ஆருட?"

"குரல் வாப்பாட குரல்தான் மாமா. ரபான் மங்கலா இருந்திச்சாம். அதுக்கு வேற சத்தம் வச்சிரிக்காங்க."

"ஆரு அடிச்சது?"

"ஆள் இல்ல மாமா, கம்பியூட்டர். அந்தப் பழசை இனி ஆரு கேக்கிற? இதத்தான் எல்லாருக்கும் அனுப்பப் போறன். வாப்பாட பேரு நிக்கணும்."

பேர் உன்னுடையது, கை யாருடையதும் இல்லை. நாளைக்கு உன் பேரப்பிள்ளைகள் அதைத்தான் நீ என்று நம்பும். வீட்டுக்கு வந்ததும் என் மேலேயே சந்தேகம் வந்தது. பழகிப்போன இரைச்சலுக்காகவா வாதாடுகிறேன்? கணீரென்று கேட்டால் நீயும் சந்தோஷப்பட்டிருப்பாயோ?

மறுநாள் அஸருக்குப் பிறகு, நான் செய்த பெட்டி ஒன்றையும் பழைய டெக்கையும் கசட்டையும் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் கதிரையில் போனோடு இருந்தான். குசினியில் தங்கச்சி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கசட்டைப் போட்டேன். இரைச்சல், யாரோ இருமுவது, பிறகு நீ. கொஞ்ச நேரத்தில் தோல் இளகத் தொடங்கியது. திருவுகிற சத்தம் நின்றது.

"இந்தாங்க, ரபான் இளகிட்டு. தணல் கொண்டு வரவா?"

உன் மகன் போனைக் கீழே வைத்தான். நான் டெக்கைப் பிடித்தபடி முழித்தேன். நீ மட்டும் உன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். கொஞ்சம் பொறுத்து அவள் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வாசலில் வந்து நின்றாள். "என்னையறியாம வாயில வந்திட்டு நானா" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

புதியதை அழித்துவிட்டதாக மகன் சொல்கிறான். அவன் போனை வாங்கிப் பார்த்தேன், இல்லைதான். இருந்தாலும் கசட் என் அலுமாரியில்தான் இருக்கும், சாவி என் இடுப்பில். ஒன்று கேட்கிறேன் மச்சான்: அது என் பெட்டியில் வந்த சத்தம். அடுத்த அறையில் இருந்து கேட்டது உன் பெண்சாதி. இப்போதாவது அதைப் பெட்டி இல்லை என்று ஒத்துக்கொள்வாயா?

நான் இருக்கும் வரை உன் ரபானை ஒருவனும் இறுக்க விடமாட்டேன். அவள் இன்னொரு நாள் அப்படிக் கேட்டால், முழிக்காமல், "கொண்டு வா" என்று சொல்வேன். இது வாக்கு.

உன் கையை மட்டும் சந்தேகிக்காத,
உன் மச்சான்