எதிர்ப்பு சக்தி உள்ள பால்

கூட்டேரிப்பட்டு

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் மாடும் இருக்கிறோம், மூவரில் சுகம் என்று துணிந்து சொல்லக்கூடியது அம்மாவை மட்டும்தான். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

கொஞ்ச நாளாக நான் டீக்கடைப் பக்கம் போவதில்லை. போனால் "எதிர்ப்பு சக்தி வர்றாரு, வழி விடுங்கப்பா" என்கிறார்கள். அம்மா போனில் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். நம் செவலைக்கு மறுபடி மடிவீக்கம் வந்தது உனக்குத் தெரியும். திண்டிவனம் மாட்டு டாக்டரம்மா ஊசி போட்டு, பாலைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை யாருக்கும் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். நானும் குழி தோண்டி ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமை கூட்டுரோட்டில் நிற்கும்போது டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. லாரி ஹாரனுக்கு நடுவே என் காதில் விழுந்தது "உங்க பால்ல எதிர்ப்பு சக்தி ரொம்ப அதிகமா இருக்குங்க" என்பது மட்டும்தான். அதற்கு மேல் என்ன வேண்டும்? கொரோனா சமயத்தில் இந்த எதிர்ப்பு சக்திக்காகத்தானே கபசுரக் குடிநீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம், அது நம் மாட்டு மடியிலேயே சுரக்கிறதென்றால்! டீக்கடையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் வீடு வந்தேன்.

பின்வீட்டுச் சித்ராவுக்கும் சேதி போய்விட்டது. அவள் பெண் கலைப்பிரியாவுக்கு ஒன்றரை வயது, சளி விட்டால் வயிற்றுப்போக்கு. "பாப்பாவுக்கு அரை லிட்டர் குடு மாமா, டானிக்கு வாங்கியே ஓஞ்சு பூட்டேன்" என்று சொம்போடு நின்றாள். பெருமையாக ஊற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால் அம்மா உறை ஊற்றிய பால் தண்ணியாகவே நிற்கிறது. "யோவ், உன் சக்தி தயிரையே எதிர்த்துக்கினு நிக்குது பாரு" என்றாள். மனசு கேட்காமல் திண்டிவனம் போனேன். டாக்டரம்மா, "ஐயா, எதிர்ப்பு சக்தி மாட்டுக்கு இல்லீங்க, பால்ல இருக்கிற கிருமிக்கு. வழக்கமா போடுற மருந்து எதுக்கும் அது அசையாது. போன தடவை ஊசியை முழுசாப் போட்டீங்களா?" என்றார்கள். வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டேன் என்றேன். அவர்கள் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. பாலில் இறங்கிய ஊசி மருந்துதான் தயிரை உறைய விடவில்லையாம். எனக்கு விளங்கவில்லையம்மா. கெட்ட கிருமியைக் கொல்லாத மருந்து தயிர்க் கிருமியை மட்டும் எப்படிக் கொல்லும்? காய்ச்சினால் கிருமி செத்துவிடுமாம், மருந்து போகாதாம். எட்டாவதோடு நின்ற மண்டைக்குள் இது சுற்றிக்கொண்டே இருக்கிறது, உனக்குப் புரிந்தால் எழுது.

யாராவது குடித்தார்களா என்று கேட்டார்கள். பாப்பா என்றேன். உடனே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். ஓடி வந்து சித்ராவிடம் காய்ச்சினாயா என்றால், "நல்லா கொதிக்க வெச்சா சக்தி பூடும்னு லேசா சூடு காட்டித்தான் குடுத்தேன் மாமா" என்கிறாள். அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் காய்ச்சல் இல்லை, சில நாள் கவனியுங்கள், வயிற்றால் போனால் ஜல்தியாக வாருங்கள் என்று அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லி அவள் வீட்டை எட்டிப் பார்க்கிறேன். இன்று காலை பாப்பா வாசலில் உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருந்தாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை.

பாக்கெட் பாலானாலும் பொங்கவிட்டுக் குடியுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் மாப்பிள்ளையைக் கடைசி வரை சாப்பிடச் சொல், மாமனாரைப் போலப் பாதியில் நிறுத்த வேண்டாம். ஆண்டவர் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பிள்ளை மடியில் தூங்கிவிட்டது. சித்ரா என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணும் ஆவாது இல்ல மாமா?" என்றாள். ஆவாதும்மா என்றேன். எனக்குத் தெரியாதும்மா என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு உன் அப்பா,
சவுரிராயன்