என் தங்கச்சி கொளுத்திப் போட்டா

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. போர்ட் கொச்சி லாட்ஜில் ஆறு அறை கூட்டித் துடைத்து, பன்னிரண்டு விரிப்பு துவைத்தேன். ஒன்றும் உலரவில்லை. மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்து சேர ஆறு மணி. கப்பைக்கிழங்கு வேகும்போது ஜெனி போனை நீட்டினாள். "அம்மா, நோக்கு, சேவியர் மாமா!"

அண்ணன்தான், ஒரு வீடியோவில். வெள்ளைச் சட்டை. பின்னால் எங்கள் ஊர்க் கடல், அணு உலை. "அன்னைக்கு மீனெல்லாம் செத்துரும்னு என் தங்கச்சி கொளுத்திப் போட்டா. நாங்களும் நம்பிட்டோம். இப்ப ஒரு குறையும் இல்ல."

அன்று உலை வேண்டாமென்ற போராட்டப் பந்தலுக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவன் அவன்.

ஜூன் 11, புதன்

வாங்க வேண்டியது: சோப்புத்தூள், ஜெனிக்குக் குடை.

நான்காவது முறை அடித்தபோது அண்ணன் எடுத்தான்.

"ஏண்ணே என்னைய இழுத்த?"

"பேரு சொல்லலையே. தங்கச்சின்னுதான சொன்னேன்."

"உனக்கு எத்தன தங்கச்சி?"

பேச்சை மாற்றினான்: "என் மேல இருந்த போராட்டக் கேஸ எடுத்துட்டாங்க. மவனுக்கு அந்த உலையிலேயே வேல ஆவும்போல. நீ தூரத்துல இருக்க, உனக்கென்ன?"

எனக்கென்னவா? என் வழக்கு அப்படியே கிடக்கிறது. அதனால் பாஸ்போர்ட் இல்லை. மஸ்கட் வேலை போனது. எல்லாம் தெரிந்தவன்.

ஜூன் 12, வியாழன்

லாட்ஜ் மேனேஜர் ரெஜி சேட்டன்: "ஆ வீடியோ கண்டோ? அவிடத்தெ மீன்காரனே பறயுந்நு, பேடிக்கான் ஒண்ணுமில்ல. நமுக்கும் ஒரு நிலயம் வேணம்." அந்த ஊர் மீனவனே பயப்பட ஒன்றுமில்லை என்கிறானாம், இங்கேயும் ஓர் அணு உலை வேண்டுமாம்.

வாளியோடு மாடிக்குப் போய்விட்டேன். அவரை மறுக்க எனக்குப் படிப்பில்லை. இத்தனை வருடம் எதுவும் வெடிக்கவில்லை, அதுவும் உண்மை. அண்ணனுக்குப் பயம் தீர்ந்திருந்தால் தீரட்டும். பழியை என் தலையில் கட்டிவிட்டல்லவா மாறினான்.

ஜூன் 14, சனி

வாசகசாலையில் அணு மின்சாரம் பற்றிக் கூட்டம். ஜெனி தடுத்தாள். போனேன்; அவளும் பின்னாலேயே வந்தாள். அதே வீடியோ, பெரிய திரையில். முடிந்ததும் கை தூக்கினேன். மலையாளம் வரவில்லை. தமிழிலேயே:

"அவரு சொன்ன தங்கச்சி நான்தான். விபத்து நடந்தா பிள்ளைகளத் தூக்கிட்டு எந்த வழியா ஓடணும்னு கேட்டேன். அவ்வளவுதான். இன்னும் யாரும் பதில் சொல்லல. கேஸ் மட்டும் போட்டாங்க."

பேச வந்தவர் தண்ணீர் குடித்தார். அடுத்தவரைக் கேட்கச் சொன்னார். முன்வரிசையில் ரெஜி சேட்டன், திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நான் பேசியதை ஜெனி படம் பிடித்து, என்னைக் கேட்காமல் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறாள்.

மதினி: "எம்புள்ள வேலைக்கு உல வச்சிட்டீங்களே."

பதில் எழுதினேன், அழித்தேன்.

பத்தரைக்கு அண்ணன் குழுவிலிருந்து விலகினான். அப்புறம் மதினி. அவர்கள் பிள்ளைகள். சின்னவன்கூட.

நானும் ஜெனியும் மட்டும் இருக்கிறோம்.