உப்பில்லாத தூக்குவாளி

மாப்ளே,

இன்று காலை மருமகள் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் கிண்ணத்தை வழித்துக் குடித்து முடித்த பிறகுதான் தன் கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஐயையோ மாமா, உப்பே இல்லையே, சொல்லக் கூடாதா?" என்றாள். எனக்குத் தெரியவே இல்லை. என் நாக்கை அப்படிப் பழக்கிவிட்டுப் போனவன் நீ. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நாம் சோடி. மூட்டையின் ஒரு முனை உனக்கு, மறுமுனை எனக்கு. சோடி என்றால் ஒரே தூக்குவாளியில்தான் சோறு. தனித்தனியாகச் சாப்பிட்டால் சோடி உடைந்துபோயிற்று என்று அர்த்தம்.

கேரளா லாரிக்கு வெங்காயம் ஏற்றும்போது பலகையில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாய். "தூசி மாப்ளே, வேற ஒண்ணுமில்ல" என்றாய். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நமக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போச்சு. வயித்துல கோக்குற தண்ணி மேல ஏறி நுரையீரலச் சுத்தி நிக்குது. அதான் படுத்தா மூச்சு முட்டுது."

கட்டிலில் உட்கார வைத்து முன்னால் குனியச் சொன்னார்கள். நீ என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். முதுகுப் பக்கம் விலாவுக்கு நடுவே ஊசியை இறக்கினார்கள். வெளிறிய மஞ்சளாகத் தண்ணீர் குழாய் வழியே பாட்டிலுக்குள் இறங்க இறங்க, உன் மூச்சு என் கழுத்தில் நீளமாக விழுந்தது. "ஏலே, நம்ம காட்டுல எம்புட்டு போர் போட்டும் சொட்டு வரல. எனக்குள்ள பாரு, ஒரே ஊசியில ஊத்து" என்றாய். நர்சம்மாவே சிரித்துவிட்டாள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா சும்மா குத்தி எடுக்க முடியாது. உடம்புல இருக்கிற சத்தும் அதோட போயிரும். மாத்திரை தர்றேன், ஒண்ணுக்கு நிறையப் போகும், நிறுத்திறக் கூடாது. சாராயம் கூடவே கூடாது. அதவிட முக்கியம் உப்பு. உப்பு நின்னாத்தான் தண்ணி நிக்கும்."

சாராயத்தை நீ விட்டாய். அதை இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன். உப்புதான் உன்னால் முடியவில்லை. "மனுசன் திங்கிற சோறாடா இது?" என்றாய். அதனால்தான் உனக்குத் துணையாக நானும் உப்பை விட்டேன். என் வீட்டுக்காரி இரண்டு பேருக்கும் உப்பில்லாமல் பொங்கினாள். மார்க்கெட்டில் கேலி செய்வார்களே என்று, பழனி முருகனுக்கு விரதம் என்று பொய் சொல்லி வைத்தேன்.

வெயிலில் மூட்டை தூக்குகிறவனுக்கு உப்பில்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. கெண்டைக்கால் சுண்டி இழுத்துக் கீழே விழுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துவிடுவாய். "எனக்காக நீ படுற பாட்டப் பாரு மாப்ளே" என்பாய். உன் கண் கலங்கும். நான் அதை நம்பினேன்.

மறுபடியும் உனக்கு மூச்சு முட்டியது. அதே கட்டில், அதே தோள். உன் வீட்டுக்காரியும் வந்திருந்தாள். டாக்டர் கோபமாக, "யாரு சமைக்கிறது?" என்றார். "எங்க வீட்டுலதாங்கய்யா. ஒரு கல்லு உப்புச் சேக்கல. எம் புள்ளைக மேல சத்தியம்" என்றேன். நர்சம்மா உன் வேட்டியைத் தளர்த்தினாள். மடியிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. பிரித்தாள். எலுமிச்சங்காய் ஊறுகாய், பாதி தின்றது.

உன் தலை இன்னும் என் தோளில்தான் இருந்தது. அங்கிருந்தபடியே சொன்னாய்: "அவன்தான் சார் வாங்கிக் குடுத்தான்."

"கூட இருந்தே கொல்லப் பாக்குறியா? வெளிய போய்யா" என்றார் டாக்டர். உன் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நீயே மாற்றிச் சொல்வாய் என்று நினைத்தேன். வராந்தாவில் காத்திருந்தேன். அதன்பிறகு நீ மூச்சுக்குத் திணறிய நாளெல்லாம் தினமும் வந்தேன். கையைப் பிடித்துக்கொள்வாய். பேச்சு வந்த நாளில் வெங்காய விலை கேட்டாய். ஊறுகாய் நான் வாங்கித் தந்ததில்லை என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமலே போய்விட்டாய்.

உன் பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் ஒரு முனைக்கு நான்தான் தோள் கொடுக்கப் போனேன். உன் வீட்டுக்காரி, "அந்தாளு தொடக் கூடாது" என்றாள். கூட்டத்துக்கு நடுவில் கையை எடுத்துக்கொண்டேன். இன்றுவரை கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நீ சொன்னதை நம்பினாள். நானும் அதைத்தானே செய்தேன்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "உப்புப் போட்டு இன்னொரு கிண்ணம் கொண்டு வரட்டுமா மாமா?" என்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போதும் சில நாள் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். உன் கைதான் ஞாபகம் வருகிறது. என் காலைப் பிடித்துவிட்ட அந்த விரலில் ஊறுகாய் வாசம் அடித்திருக்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே, மாப்ளே.