உயிரோடிருப்பவனுக்கு ஐந்தாவது நினைவுரை

2009 ஜூன் 9, செவ்வாய்

வாய் மூடி இருந்தது போதும். நாலு வருடம் ஆகப்போகிறது.

கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. மேசை, கொப்பி, பல்லிடுக்கு எல்லாம் மணல்.

செய்ய வேண்டியவை: ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைகள். சைக்கிள் பின் டயர். மனைவிக்கு இருமல் மருந்து. ரவிக்கு நினைவுரை.

கடைசியானது சிவலிங்கத்தின் கட்டளை. அம்மன் சடங்கும் முடிந்தது, யுத்தமும் முடிந்தது, இனி மன்றம் பழையபடி நாடகம் போடவேண்டும் என்கிறார். பத்தொன்பது வருடமாக அவரே தலைவர். கூட்டுறவுக் கடை மனேஜராக இருந்தவர். நடிகர்களையும் வரிசையில் நிறுத்தித்தான் பழக்கம். ஆடியில் மேடையேற்றம். திரை திறக்கமுன் ரவியின் படத்துக்கு மாலை, விளக்கு, என் நினைவுரை.

"சேர், இந்த முறை கொஞ்சம் நீட்டி எழுதுங்க. போன முறை சனம் அழத் தொடங்கக்குள்ள நீங்க முடிச்சிட்டீங்க."

சுனாமி நினைவு நாளுக்கு ஒன்றாக நாலு எழுதியாயிற்று. ஐந்தாவதை எழுத முடியாது. ரவி சாகவில்லை.

எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அடுப்படியில் மனைவி இருமுகிறாள், அவ்வளவுதான்.

ஜூன் 10, புதன்

டயர் மாற்றியாயிற்று. மருந்து மறந்துபோனது. பேச்சு வாங்கினேன்.

நேற்றைய பக்கத்தைக் கிழிக்க நினைத்து, கிழிக்கவில்லை. தொடங்கியதை முழுக்க எழுதுவது நல்லது.

ரவி எங்கள் மன்றத்தின் கதாநாயகன். 2004இல் வயது இருபத்திநாலு. அந்த வருடம் இயக்கத்தார் பயிற்சிக்கென்று பிடித்துப் போனார்கள், ஓடி வந்தான். பிடித்தவர்கள் இரண்டாகப் பிரிந்தபின் இரண்டு பக்கமும் தேடியது. கடற்கரையில் இருந்த மன்ற மண்டபத்தில், உடுப்புப் பெட்டிகள் வைக்கும் அறையில் ஒளிந்திருந்தான். டிசம்பர் 26 காலை கடல் அந்த மண்டபத்தை அத்திவாரத்தோடு எடுத்தது. உடுப்புப் பெட்டி ஒன்று றோட்டையும் தாண்டி வாவிக்கரைக் கண்டல் பற்றையில் கிடைத்தது. ராசா உடுப்பு, நனைந்த மீசைகள். ரவி கிடைக்கவில்லை. ஊர் முடிவு கட்டியது. நானும்தான்.

2005 ஆவணி. விடைத்தாள் திருத்தப் பதுளைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடை. பிளேன்டீ சொன்னேன். சீனி பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சீனி இல்லாமலே வந்தது, மன்றத்தில் நான் குடிப்பதுபோல். நிமிர்ந்து பார்த்தேன்.

"வேற என்னாங்க வேணும்?"

சுத்தமான மலைநாட்டுப் பேச்சு. முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஒத்திகையில் ஒரே வசனத்தை மூன்று தரம் பிழைவிடுகிறவன்! உள்ளேயிருந்து முதலாளி "ராசு!" என்று கூப்பிட, போய்விட்டான். நான் குடித்துவிட்டு எழுந்தேன். அதன்பின் ஒவ்வொரு ஆவணியும் திருத்தும் வேலைக்குப் போனேன். அதே கடை, அதே பிளேன்டீ, ஒரு பேச்சும் இல்லை. கடைசியாகப் போன வருடம்.

யாருக்கும் சொல்லவில்லை. தாய்க்குச் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும், தேடுகிறவர்கள் முகம் பார்க்கத் தெரிந்தவர்கள். இது நியாயமான காரணம். நியாயமில்லாத காரணமும் உண்டு. ஒரு தரம், ஒரேயொரு தரம், ஒரு சின்னப் பாகம் எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். எல்லார் முன்னிலும் இவன் சொன்னான்: "சேர் பேசினா இடாப்புக் கூப்பிடுற மாதிரி இருக்கும். சனம் 'உள்ளேன் ஐயா' எண்டு சொல்லும்." மன்றம் முழுக்கச் சிரித்தது. நான் திரைக்குப் பின்னால் டோர்ச்சோடு உட்கார்ந்து அவனுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கே திரும்பினேன்.

அவன் தங்கப் பிள்ளை, வசனத்துக்கே வாழ்ந்தவன் என்று பிறகு நாலு தரம் எழுதியதும் நான்தான்.

ஜூன் 12, வெள்ளி

பாடசாலை மண்டபத்தில் பாகம் பிரித்தார்கள். காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொண்டேயிருந்தது. நாடகம் நான் எழுதியது; பகிடிகள் சிவலிங்கம் (சி.) செருகியவை. இப்போதே பதினொன்று.

சி.: "பெரியவர் பாகத்த நம்மட சேர் செய்யட்டும்."

பின்னால் பலகை அடித்துக்கொண்டிருந்த டெரிக் (டவுனிலிருந்து வரும் தச்சன், பறங்கியர், காட்சி கட்டுவது அவர்): "கடைசியில மாஸ்டரையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தாச்சு. டோர்ச்ச வீட்ட வெச்சிட்டு வாங்க!"

திரைக்குப் பின்னால் பத்தொன்பது வருடம். ஐம்பத்தியிரண்டு வயது. காது சுட்டது. பெரியவர்தான் முதன்மைப் பாகம், ரவி இருந்தால் ரவிக்குத்தான். இதை எழுதும்போதும் தெரியும், மண்டபத்தில் இருந்தபோதும் தெரியும்.

எல்லாரும் போகும்வரை நின்றேன். சி.யும் டெரிக்கும் மட்டும்.

"நினைவுரை எழுதமாட்டன்."

"ஏன் சேர், கோவமா? பெரியவர் பாகம் தந்தும் கோவமா?"

"ரவி உயிரோட இருக்கான்."

சுத்தியல் நின்றது. சி. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஆருக்கிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல."

"எப்ப இருந்து தெரியும்?"

"2005 ஆவணி."

வாங்கில் பொத்தென்று இருந்தார். "டெரிக், கேட்டயா? இந்த மனுசனுக்கும் தெரிஞ்சிருக்கு!"

கடல் வந்த மூன்றாம் நாள் பதுளையிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்த லொறி வெறுமையாகத் திரும்பியிருக்கிறது. உடுப்புப் பெட்டியைப் பிடித்தபடி கண்டல் பற்றையில் ஒதுங்கித் தப்பியவனை அதில் ஏற்றிவிட்டது சி. டெரிக்கின் சேட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். ("புதுச் சேட்டு மாஸ்டர், நத்தார் பண்டிகைக்குத் தைச்சது.") தாய்க்கும் அன்றே சொல்லிவிட்டார்கள். தாய் மரணச் சான்று எடுக்காததும், முப்பத்தோராம் நாள் செய்யாததும் அதனால்தான். நான் அதைத் தாய்மனம் என்று இரண்டாவது நினைவுரையில் உருக்கமாக எழுதியிருந்தேன்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

சி. கூரையைப் பார்த்தார். "உங்களுக்கு நடிக்கத் தெரியாதே சேர். நெசமா அழுறதுக்கு ஒருத்தர் வேணுமில்லா?"

எனக்குக் கோபம் வந்தது.

அவர் விடவில்லை. "2006 ஞாபகமா? கடைசி வாங்கில ரெண்டு பேர் வந்து இருந்தானுகள். ஊர்ச் சனமில்ல. எங்களுக்குக் கை கால் ஓடல்ல. மறுகா நீங்க ஏறி, படிக்க ஏலாம முகத்தப் பொத்திக்கிட்டு அழுதீங்களே, தோளெல்லாம் குலுங்கிச்சு. அதப் பாத்துத்தான் அவனுகள் எழும்பிப் போனானுகள். அதோட வரல்ல. அவனக் காப்பாத்தினது நீங்கதான் சேர்."

இரண்டு பேர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. அழுதது தெரியும்.

சொல்லிவிட்டேன். "நான் அழல்ல. சிரிச்சன். 'எந்த வசனத்தையும் ஒருநாளும் மறந்தறியாதவன்' எண்டு நானே எழுதின வரி வந்திச்சு. அவன் மறக்காத வசனம் ஒண்டு இருக்கா? அடக்க ஏலாமத்தான் லேஞ்சியால முகத்த மூடின."

டெரிக் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். சி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து, "அம்மாளாச்சி, அம்மாளாச்சி" என்றார். நானும் சிரித்தேன். இவர்களோடு சேர்ந்து சிரித்தது எந்த வருடத்துக்குப் பிறகு, நினைவில்லை.

பிறகு சி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு குரலில் சொன்னார். எந்தக் கடை, என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டால் ஆபத்தென்று கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி தாய்க்கு ஃபோன் எடுப்பான், ஒரு நிமிடம். இரண்டு தீபாவளியாக அதுவும் இல்லை. "இருக்கானோ இல்லையோ எண்டு அந்த மனிசி..."

"போன ஆவணியில கண்டன்."

சி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. மறுகா அவனுக்கும் ஒரு கடிதம் போடுங்க. இடம் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். படம் தொங்கட்டும். அவனே வந்து இறக்கட்டும்."

ஜூன் 14, ஞாயிறு

வெக்கை. காற்றும் இல்லை.

பூமணி அக்கா, ரவியின் தாய், வாசலில் வாவி இறால் உரித்துக்கொண்டிருந்தா. சொன்னேன். பதுளை, கடை, ராசு என்ற பெயர், போன ஆவணி. இறால் கையிலேயே இருந்தது.

"மெலிஞ்சி போனானா தம்பி?"

"வயிறு வெச்சிருக்கான்."

சிரித்தா. "வயிறா? என்ட புள்ளைக்கா?" புறங்கையால் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் சிரித்தா. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. கை இறால் கை.

பிறகு என்னைப் பார்க்காமல்: "ரெண்டு தீபாவளி நான் அந்த ஃபோனுக்கு முன்னால குந்தி இருந்தன். நீங்க தெரிஞ்சிக்கிட்டு என்ட வாசலால சைக்கிள்ல போனீங்க. என்ன தம்பி?"

காரணம் இரண்டும் நாக்கில் இருந்தன. சைக்கிளை எடுத்தேன்.

வரும்போது உரித்த இறாலில் பாதியை ஒரு பையில் போட்டு ஹேண்டிலில் கொழுவிவிட்டா. வேண்டாம் என்றேன். "கொண்டு போங்க கா, பறையாம" என்றா. பெண்களோடு பேசுவதுபோல் எனக்கும் 'கா'. கோபமா அன்பா, விளங்கவில்லை.

மத்தியானம் இறால் பொரியல். மனைவிக்கும் சொன்னேன். "ஓஹோ, அதுதான் ஆவணி எண்டா துள்ளிக்கிட்டுப் பதுளை போற. நான் வேற மாதிரி நினைச்சி அம்மாளுக்கு நேர்த்தியும் வெச்சிட்டன்." இரண்டாம் தரம் சோறு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

கட்டுரைகள் திருத்தி முடிந்தது. முப்பத்தொரு பேர், பதினேழு பேருக்கு 'ற', 'ர' தெரியாது.

பெரியவர் வசனம் மூன்று பக்கம் மனப்பாடம். கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்து ஓடியது. இடாப்பு மாதிரித்தான் இருக்கிறதோ? இருக்கட்டும். பெரியவர் அப்படித்தான் பேசுவார்.

கடிதம். ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். நினைவுரைகள் ஒரே மூச்சில் வந்தன, உயிரோடு இருக்கிறவனுக்கு எழுதத்தான் கை வரவில்லை. கடைசியில் இது:

"மே மாதத்துக்குப் பிறகு இங்கே யாரும் தேடி வரவில்லை. சந்தியில் இன்னும் அடையாள அட்டை பார்க்கிறார்கள், ஆகவே அவசரப்பட்டுப் புறப்படாதே. முதலில் தாய்க்கு ஃபோன் எடு. அதே நம்பர். இரண்டு தீபாவளி பார்த்திருந்தா. மரணச் சான்று எடுக்கவில்லை, நீ கணக்கில் உயிரோடுதான் இருக்கிறாய். நீ சொல்கிற நாளில் சேட்டுக்காரர் வானோடு வருவார், சேட்டைத் திருப்பிக் கேட்பார். ஒத்திகை ஞாயிறு, புதன், பி.ப. 5, பாடசாலை மண்டபம். பெரியவர் பாகத்துக்கு ஆள் போட்டாயிற்று. அதைக் கேட்காதே. வேறு பாகம் இருக்கிறது."

உறை: ராசு, தேநீர்க் கடை, பஸ் நிலையம் முன்பாக, பதுளை.

கீழே என் பெயர் போடவில்லை. வழியில் யாரும் உடைத்துப் பார்த்தால் அது இருக்கக்கூடாது. அது ஒன்று. அவன் வந்து எல்லார் முன்னிலும் என் கையைப் பிடித்து நன்றி சொல்வதை என்னால் தாங்க முடியாது. அது மற்றது. பெரியவர் பாகத்தைப் பற்றிய வரியை வாசித்தால் எழுதியது யார் என்று உடனே பிடித்துவிடுவான். வெட்டலாமா என்று பார்த்தேன். வெட்டவில்லை. பிடிக்கட்டும். ஆனாலும் பெயர் போடுவதில்லை. முத்திரை ஒட்டியாயிற்று. நாளை பள்ளிக்கூடம் போகிற வழியில் பெட்டியில் போடுவேன்.